பங்களாவிலிருந்து இறங்கிய பூவாசம்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறையால், கண்ணைக் கட்டி விட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று வாசத்தை வைத்தே சொல்லிவிட முடியும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் விறகுப் புகையும் ரொட்டி சுடும் மணமும் இருக்கும். பீலிக்கரையில் பாசியும் சவுக்காரமும் மணக்கும். ஸ்டோரை நெருங்கினால் வாடிய கொழுந்தும் சூடேறிய தேயிலையும் கலந்த காட்டமான மணம் தொண்டைக்குள் இறங்கும். அதற்கும் மேலே, சைப்ரஸ் மரங்களுக்கு அப்பால் பங்களா. மாலையில் மலைக்காற்று கீழே இறங்கும்போது அங்கிருந்து ரோசாவும் வாதுமையும் புதுச் சவுக்காரமும் கலந்த ஒரு வாசம் வரும். அது வெள்ளைக்காரத் துரையின் பைப்புப் புகை.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி, ஹல்துமுல்லையையும் பெரகலையையும் கடந்து கொஸ்லந்தைக்கு இறங்குகிறது. அதன்பின் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் காலடியைத் தொட்டுக்கொண்டு வெல்லவாயவின் வெக்கைக்குள் போகிறது. தலைக்குமேல் மலைக்குளிர், காலடியில் சமவெளிச் சூடு. இரண்டுக்கும் நடுவில் தொங்கும் ஊர் எங்களுடையது. இங்கே காற்று சும்மா இருப்பதில்லை. பகலில் கீழிருந்து ஏறும், பொழுது சாய்ந்ததும் மேலிருந்து இறங்கும். பங்களாவும் லயமும் ஒன்றையொன்று தொடாதபடி தோட்டத்தைப் போட்டவர்களால் அந்தக் காற்றுக்கு மட்டும் வேலி போட முடியவில்லை.

அப்பா பங்களாத் தோட்டக்காரர். ரோசா, டேலியா, சுவீட் பீ, ஜெரேனியம் என்று சீமைப் பூக்களைப் பாத்தி பாத்தியாக வளர்ப்பதும், புல்தரையை வெட்டிச் சீர்செய்வதும், இஸ்தோப்பு என்னும் முன்விறாந்தையைச் சுற்றி உதிர்வதைக் கூட்டுவதும் அவர் வேலை. அங்கிருந்த ஜெரேனியத்தில் ஒரு வகை உண்டு. பூ சிறியது, வாசமில்லாதது. ஆனால் இலையைக் கசக்கினால் ரோசா மணக்கும். துரை அந்த இலையைத்தான் காயவைத்துப் பைப்பில் போட்டுப் பத்துகிறார் என்று லயத்துப் பிள்ளைகள் நாங்கள் நம்பினோம். அப்பா எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார், மறுத்துச் சொல்லமாட்டார்.

அந்த நம்பிக்கையில் ஓர் உண்மை இருந்தது. ரோசா ஜெரேனியத்தின் இலையிலும், ரோசாப்பூவிலும், இங்கிலாந்தின் வடக்கே செய்யப்படும் சில பைப்புப் புகையிலைகளின் நறுமணத்திலும் இருப்பவை ஒரே குடும்பத்து வாசனைப் பொருட்கள். அவற்றில் முக்கியமானது ஜெரானியோல். எங்கள் மலைச்சரிவுகளில் தானாக வளர்கிற, தேயிலைச் செடியின் அடியில் ஈரம் காக்க வெட்டிப் போடுகிற மானாப்புல்லிலும் அந்தச் சாயல் உண்டு. சிட்ரனெல்லாப் புல்லுக்கு அது நெருங்கிய உறவு. மாத்தறை, ஹம்பாந்தோட்டைப் பக்கத்தில் சிட்ரனெல்லாப் புல்லைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய், சவுக்காரத்துக்கு வாசம் சேர்ப்பதற்காகப் பீப்பாய் பீப்பாயாக இலங்கையிலிருந்து கப்பலேறியது. ஆகவே துரையின் புகை எங்களுக்குப் பழகிய மணமாகப் பட்டதில் வியப்பில்லை. மானாப்புல் வெட்டிவிட்டு வரும் அம்மாவின் கையிலும் அதே குடும்பத்து வாசம்தான் இருந்தது.

அம்மாவின் புகையிலை வேறு. விடிய, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்குச் சீவல் வைத்து, யாழ்ப்பாணப் புகையிலையில் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளே வைத்து மடித்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, வாயில் அந்த வெற்றிலை. இவ்வளவும் சேர்ந்தால்தான் அவருக்கு வேலைக்குப் புறப்பட்ட தெம்பு வரும். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைமேல் புகையிலை எச்சிலைத் துப்புவார். அது சுருண்டு விழும். குளிருக்கும் பசிக்கும் அட்டைக்கும் அவருக்கு அந்த ஒரு மருந்துதான்.

யாழ்ப்பாணப் புகையிலை தனி ஜாதி. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்து வளர்த்து, தேங்காய் மட்டை மூட்டிய புகையில் பதப்படுத்துவார்கள். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை அதற்கு வணிகம் இருந்தது. எங்கள் கடைத்தெருவில் அது கயிற்றால் இறுக்கிக் கட்டிய சிப்பமாக வந்து இறங்கும். கடைக்காரர் கத்தியால் நறுக்கித் தாளில் மடித்துக் கொடுப்பார். ஆண்கள் சிலர் யாழ்ப்பாணத்துச் சுருட்டு, பலர் பீடி. சம்பள நாளில் மட்டும் த்ரீ ரோசஸ் சிகரெட். அந்தப் பெட்டியின் பெயரில் ரோசா உண்டு, புகையில் கிடையாது.

லயத்துப் புகையிலை எல்லாவற்றுக்கும் ஒரு பயன் இருந்தது. பசியை அடக்கும், தூக்கத்தை விரட்டும், வெளிச்சம் வருமுன் மலையேறத் தைரியம் கொடுக்கும். பயனுக்காக மட்டுமே புகையிலையைத் தொட்டவர்கள் எங்கள் மக்கள். மேலே பங்களாவிலோ பகல் வேலை முடிந்து, குளித்து, வேறு உடை மாற்றி, நாற்காலியில் சாய்ந்த ஒருவர், வாசனைக்காகவே அதைப் பற்றவைத்தார். ஒரே இலை, பங்களாவில் ஓய்வாகவும் லயத்தில் வேலைக்கருவியாகவும் இருந்தது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் இரண்டு புகையிலைகளுக்கும் சோதனை வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சீமைப் புகையிலை டின்கள் வருவது அரிதாயிற்று. 1973, 74இல் மாவும் அரிசியும் சீனியும் தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. மலையகத்தில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. அந்த மாதங்களில் அம்மா எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுத்துவிட்டு, தனக்கு வெற்றிலை போதும் என்று மலைக்குப் போய்விடுவார். வாயில் புகையிலை இருந்தால் வயிறு கேட்காது என்று சொல்வார். அவர் வெற்றிலை போட்ட அளவு அந்தப் பஞ்சத்தில்தான் பெருகியது. பஞ்சம் போன பிறகு அது குறையவே இல்லை.

1972இல் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டம் 1975இல் கம்பனித் தோட்டங்களுக்கும் நீட்டப்பட்டது. பிரிட்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரைமார் மிச்சமிருந்தவர்களும் கப்பலேறினார்கள். எங்கள் துரை அதற்குச் சற்று முன்பே போய்விட்டார். அவருடைய பைப்பு வாசமும் மலையை விட்டுப் போயிற்று. அதே காலத்தில், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எங்கள் உறவினரில் பாதிப்பேர் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனார்கள். துரைக்குச் சொந்த ஊர் திரும்பும் பயணம் அது. எங்கள் சனத்துக்கு அது பிறந்த ஊரை விட்டுப் போகும் பயணம்.

பல வருடங்கள் கழித்து அம்மாவின் உட்கன்னத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு வந்தது. பிறகு புண். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கொஸ்லந்தையிலிருந்து மஹரகமவுக்குப் பஸ்ஸில் போய் வருவது ஓர் உடம்புக்குத் தண்டனை. நோய்பட்ட உடம்புக்கு இன்னும் பெரியது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்று. தோட்டங்களில் பெண்களையும் அது விடவில்லை. காரணம் வெற்றிலை, பாக்கு, புகையிலை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தக் காரணத்துக்குப் பின்னால் குளிரும் பசியும் வரிசையில் நின்றதை நான் அறிவேன். 2006இல் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களுக்குத் தடை வந்தது. எல்லாம் நல்ல சட்டங்கள். அம்மா அவற்றுக்கு முன்பே போய்விட்டார்.

ஆகவே புகையிலை எங்கள் வீட்டில் செல்லப் பொருள் அன்று. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலமெல்லாம் பிள்ளைகளிடம் அதைத் தொடாதே என்று சொல்லி வந்தவன். இருந்தும் அந்தப் பூவாசத்தின்மேல் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எங்கள் பிள்ளைப்பருவத்தின் மாலைகளை நிறைத்த அந்தப் பொருள் என்ன, அதை நாக்கில் வைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அறுபது வயதுக்குப் பிறகும் போகவில்லை. இங்கிலாந்தின் வடக்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் என் அக்கா மகனிடம் ஒருநாள் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறிய பொட்டலமும் ஒரு பைப்பும் கொண்டுவந்தான்.

“மாமா, அங்க ஒரு பழைய மனுசன்கிட்ட நீங்க சொன்ன வாசத்தச் சொன்னேன். யோசிக்கவே இல்ல, இதுதான்னு எழுதிக் குடுத்தாரு” என்றான்.

பொட்டலத்தில் எனர்டேல் ஃபிளேக் என்று எழுதியிருந்தது.

எனர்டேல் என்பது இங்கிலாந்தின் வடமேற்கில், ஏரிகளுக்குப் பேர்போன கம்பிரியா மாவட்டத்தில் உள்ள ஒரு பள்ளத்தாக்கு. அங்கே புகையிலை விளைவதில்லை. அருகிலுள்ள கெண்டல் என்ற சிறிய நகரில்தான் இந்தப் புகையிலை தயாரானது. 1792இல் தாமஸ் ஹாரிசன் என்பவர் ஸ்கொட்லாந்திலிருந்து மூக்குப்பொடி அரைக்கும் இயந்திரங்களைக் கெண்டலுக்குக் கொண்டுவந்ததோடு அங்கே இந்தத் தொழில் தொடங்கியது. பிறகு காவித் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய இரண்டு நிறுவனங்கள் தலைமுறைக் கணக்கில் அந்த ஒரே ஊரில் தனித்தனியாக நடந்து, 2015இல் ஒன்றாக இணைந்தன.

மூக்குப்பொடிக்கு வாசம் சேர்ப்பது பழைய வழக்கம். ரோசா அத்தர், பெர்கமொட், லவெண்டர் என்று தைலங்களைக் கலப்பார்கள். பொடி செய்த கைகளே பைப்புப் புகையிலையும் செய்தபோது அந்தத் தைலங்கள் இதற்கும் ஏறின. இன்னொரு காரணமும் உண்டு. எடையைக் கூட்டி அரசின் வரியை ஏமாற்றுகிறார்கள் என்று புகையிலையில் சர்க்கரை, தேன், வெல்லப்பாகு கலப்பதை பிரிட்டிஷ் சட்டம் நெடுங்காலம் தடுத்திருந்தது. இனிப்புக்குக் கதவு மூடியிருந்தபோது மணத்துக்குத் திறந்திருந்தது. லிவர்பூலில் ஒக்டன் நிறுவனம் 1896இல் விற்பனைக்குக் கொண்டுவந்த செயின்ட் புரூனோவிலும் பூச்சாயல் உண்டு. ஆனால் பூவை முன்னால் நிறுத்துவதில் கெண்டலுக்கு ஈடு இல்லை.

அந்த மணத்தில் டொங்கா விதைக்குப் பெரிய பங்கு. வெனிசுவேலா, கயானா, பிரேசில் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் கருத்த விதை அது. அதிலுள்ள கூமரின் என்ற பொருளை 1820இல் பிரித்தெடுத்தார்கள். 1868இல் வில்லியம் பெர்கின் அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார். காய்ந்த வைக்கோலும் வனிலாவும் கலந்த வாசம். ஈரலுக்குக் கெடுதல் என்று அமெரிக்கா 1954இல் உணவில் அதைச் சேர்க்கத் தடைவிதித்தது. எங்கள் நாட்டுக் கறுவாவுக்கு உலகில் தனி மதிப்பு இருப்பதற்கு இதே கூமரின் ஒரு காரணம்: சீனத்துக் கறுவாவில் அது அதிகம், இலங்கைக் கறுவாவில் மிகச் சொற்பம்.

எனர்டேலின் இலை பிரேசில், சிம்பாப்வே, மலாவி நாடுகளில் விளைந்த வர்ஜீனியா. அதோடு வெயிலில் உலர்த்திய மலாவி இலை கொஞ்சம். வாதுமையும் பழச்சாயலும் வனிலாவும் அதன்மேல் அந்தப் பூமணமும் சேர்த்து, அழுத்திக் கட்டியாக்கி, மெல்லிய தகடுகளாக வெட்டியிருந்தார்கள்.

பொட்டலத்தைத் திறந்தபோது வீடு முழுவதும் மணந்தது. தகடுகள் ஈரமாக, மாம்பழத் தட்டைப் போலக் கருஞ்சிவப்பாக வளைந்து கொடுத்தன. ஈரத்தோடு பற்றவைத்தால் சூடேறி நாக்கைச் சுடும் என்று மருமகன் கேட்டுவந்திருந்தான். ஒரு தகட்டைத் தாளில் வைத்துச் சன்னலோரம் உலரவிட்டோம். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உதிர்த்தேன். பைப்பு, மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதர்மரத்தின் வேர்முடிச்சில் குடைந்தது. அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்பி, முதல் தீக்குச்சியை வட்டமாகச் சுற்றிக் காட்டினால் இலை எழும்பும். எழும்பியதை மெல்ல அமர்த்தி மறுபடி பற்றவைக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் நிறுத்தி ருசித்து விட்டுவிட வேண்டும். அவசரப்படுகிறவனுக்குச் சூடு, பொறுமைசாலிக்கு மணம். ஒரு பைப்பு முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பெரட்டு முதல் கொழுந்து நிறுக்கும் நேரம் வரை கைகள் ஓயாத அம்மாவுக்கு எந்த நாளில் அப்படி ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும் என்று அப்போதே எண்ணினேன்.

முதல் புகையில் வாய் நிறையச் சவுக்காரம். விலையுயர்ந்த, புதிதாகத் தாளுரித்த சவுக்காரம். இரண்டாவதில் அது வாதுமையாக மாறியது. பிறகு ரோசா வந்தது; நாக்கைவிட மூக்கின் பின்புறத்தில்தான் அது தங்கியது. எனக்குள் அந்தப் பழைய மாலைகள் அப்படியே திறந்துகொண்டன. சைப்ரஸ் மரங்களின் இருட்டு, அப்பாவின் மண்வெட்டிச் சத்தம், ஸ்டோரின் சங்கு ஓய்ந்த பிறகு வரும் அமைதி எல்லாம் வந்தன. அது மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அழகான வாசனை அது. அதைச் செய்தவர்களுக்குக் கைத்திறன் உண்டு.

பைப்பு பாதிக்கு இறங்கியதும் பூமணம் மங்கத் தொடங்கியது. சூடு மேலிருந்த தைலத்தைத் தின்றுவிட்டது. அடியிலிருந்த இலை இப்போது தன் குரலில் பேசியது. காட்டமாக, மண்ணாக, சற்றுக் கசப்பாக நாக்கின் ஓரத்தில் உறைத்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்து, தலை இலேசாகச் சுற்றியது. அந்த உறைப்பை நான் அறிவேன். சின்ன வயதில் அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு துணுக்கைத் திருடி வாயில் போட்டுத் துப்பியபோது நாக்கில் நின்ற அதே உறைப்பு. பூவைக் கழற்றி வைத்தால் துரையின் புகையிலையும் அம்மாவின் புகையிலையும் ஒன்றுதான். மேலே இருந்த பூவுக்குத்தான் அத்தனை வித்தியாசம்.

பங்களாவில் ஆயாவாக இருந்த பெரியம்மா ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நினைவு மட்டும் கூர்மை. வாசம் பிடித்துக்கொண்டு அவரே வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“தொர பத்துனதுதானே இது?” என்றார்.

“ஆமா பெரியம்மா. எவ்வளவு நல்லா மணக்குது பாருங்க.”

“எங்களுக்கு நல்லா மணந்துச்சு. தொரசாணிக்கு இது ஆகாது தம்பி. தலவலி வந்துரும். வீட்டுக்குள்ள பத்தக் கூடாதுன்னு சொல்லிப்புட்டாங்க. அதான் மழன்னாலும் குளிருன்னாலும் தொர இஸ்தோப்புல வந்து ஒக்காருவாரு. அங்க இருந்து பத்துனாத்தானே ஒங்க லயத்துக்கு வந்துச்சு.”

நான் பைப்பைக் கீழே வைத்தேன். பங்களாவின் பெருமை என்று நாங்கள் அண்ணாந்து முகர்ந்தது, பங்களாவின் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் ஆகாமல் வெளியே தள்ளப்பட்ட புகை. மேலே உள்ளவர்களின் வாழ்க்கை முழுவதும் அந்த மணத்தால் நிறைந்திருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அவர்கள் வீட்டுக்குள் எது மணந்தது என்பது பெரியம்மாவைப் போல உள்ளே நடமாடியவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வரலாற்றைத் துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் தேடுகிறவர்கள் இந்தப் பெரியம்மாக்களிடமும் ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மலாவி என்ற பெயர் அதற்குப் பிறகும் என்னைத் தொந்தரவு செய்தது. தேடிப் படித்தேன். மலாவியின் பெரிய பண்ணைகளில், தெற்கிலிருந்து குடும்பத்தோடு வந்து புகையிலை வளர்ப்பவர்களுக்குச் சாப்பாட்டுத் தானியத்தையும் உரத்தையும் முன்கடனாகக் கொடுத்துவந்தார்கள். பருவம் முடிந்து இலை விற்ற பிறகு கடனைக் கழிப்பார்கள். கழித்தபின் மிஞ்சுவது சொற்பம், சில வருடம் கடனே மிஞ்சும். படிக்கும்போது தாத்தா சொன்ன கங்காணிக் கணக்கு காதில் கேட்டது. பெரிய கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஆளையே அந்தச் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை இலங்கையில் 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாவியில் அந்தக் குடிவாரத் தொழில்முறையைச் சட்டம் ஒழித்தது 2021இல். நடுவில் சரியாக ஒரு நூற்றாண்டு. ஈரமான பச்சைப் புகையிலையைப் பறிக்கும்போது நிக்கொட்டின் தோல்வழியாகவே உடம்பில் ஏறும். பறிப்பவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வரும். அவர்களில் சிறுவர்களும் இருந்திருக்கிறார்கள். என் வாயில் கரைந்த அந்த ரோசாவின் அடியில் அந்தக் கைகள் இருந்தன. அம்மாவின் கைக்கு அவை உறவு.

எனர்டேலில் புகையிலை விளைவதில்லை, ஆனாலும் பெயர் எனர்டேல். விளைந்த மண்ணின் பெயரைப் பொட்டலத்தின் முகப்பில் தேடினேன், இல்லை. இது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கொழுந்து ஸ்டோரில் தூளாகி, சாக்கில் ஏறி, 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அங்கிருந்து எந்தெந்தத் தேயிலையோடோ கலக்கிறது. சில நேரம் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமொட் பழத்தின் எண்ணெய் ஏறி, ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயரில் டின்னில் அடைபடுகிறது. புகையிலைக்கு நடந்ததேதான் தேயிலைக்கும். இலை ஒரு மலையில், மணம் இன்னொரு நாட்டில், பெயர் மூன்றாவது ஒருவருடையது.

கொஸ்லந்த என்ற பெயர் உலகச் செய்திகளில் வந்த நாள் ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 29. அன்று காலை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த வீடுகளில் பெற்றோர் மண்ணுக்குள் போனார்கள். பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அந்த வாரம் கொஸ்லந்த எங்கே இருக்கிறது என்று உலகம் வரைபடத்தில் தேடியது. நூற்றாண்டுக்கு மேலாக அதே மலையின் இலையைக் குடித்தவர்களுக்கு, அந்தப் பெயர் தெரிய மரணம் வர வேண்டியிருந்தது. இந்த ஆதங்கம் எனக்குள் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

எங்கள் இலைக்குச் சொந்த மணம் இல்லாமலும் இல்லை. எங்கள் ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காற்றில் கொழுந்து தனக்குள்ளேயே ஒரு வாசத்தைச் சுரக்கும். மெதைல் சாலிசிலேட் முதலிய பொருட்கள் சேர்ந்து குளிர்ச்சியும் பூச்சாயலும் கொண்ட மணம் உண்டாகும். அந்தப் பருவத்து ஊவாத் தேயிலையை உலகின் தேர்ந்த தேயிலைகளில் ஒன்றாக ருசிப்பவர்கள் மதிக்கிறார்கள். ஒருவரும் தைலம் ஊற்ற வேண்டாம், காற்றே ஊற்றுகிறது. அதைப் பறிக்கும் பெண்ணின் வீட்டில் கொதிக்கும் தேத்தண்ணியோ பெரும்பாலும் கழிவுத்தூளில் போட்டது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. என் மருமகன் கொண்டுவந்த அந்தச் சிறு பொட்டலத்தின் விலை அவளுடைய பல நாள் உழைப்பு. அவள் பறித்த பருவத் தேயிலையின் நல்ல பெட்டியும் அவளுக்கு எட்டாத விலைதான்.

புகையிலையை நான் மறுபடி தொடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டேன்; அம்மாவின் வாயைத் தின்ற பொருளோடு எனக்கு வேறு வழக்கு இல்லை. ஆனால் மருமகன் திரும்பிப் போகுமுன் அவனைப் பண்டாரவளைக்கு அனுப்பி, பருவத்தில் பறித்த ஊவாத் தேயிலையில் நல்ல தரமாக ஒரு பெட்டி வாங்கிவரச் சொன்னேன். எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற கொழுந்துக்காரப் பெண்கள் அத்தனை பேரையும் திண்ணைக்குக் கூப்பிட்டேன். பாலில்லாமல், சீனியில்லாமல், சரியான நேரம் ஊறவைத்துக் கொடுத்தேன். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்.

“இது எந்த ஊருத் தேயில?” என்றார்.

“நம்ம ஊவா மலைதான் பெரியம்மா. நீங்க எல்லாரும் பறிச்சதுதான்.”

“இம்புட்டு வாசமா இருக்குமா அது?” என்று கேட்டுவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார். மற்றவர்களும் கேட்டார்கள்.

மலையகத்துக்குச் சம்பளம் கேட்கிறோம், காணி கேட்கிறோம், மண்சரியாத இடத்தில் வீடு கேட்கிறோம். அவை முதலில் கிடைக்க வேண்டியவை. அவற்றோடு இதையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பறித்தவர் தன் இலையின் மிகச் சிறந்த வாசத்தைத் தன் வீட்டுத் திண்ணையில், அவசரமில்லாமல் உட்கார்ந்து ருசிக்க வேண்டும். எங்கள் ஊரின் பெயர் எங்கள் தேயிலைப் பெட்டியின் முகப்பில் அச்சாக வேண்டும். கொஸ்லந்த, மீரியபெத்த, பூனாகலை என்று அந்தப் பெயர்களை லண்டன் கடைத்தெருவில் ஒருவர் விரும்பிக் கேட்டு வாங்கும் நாள் வர வேண்டும். உழைப்புக்குக் கூலி கேட்டுப் பழகிய நாங்கள் இனி அதன் மணத்துக்கும் உரிமை கேட்போம்.